லாண்ட்ரிக் கடைப் பலகை

கழட்ட மாட்டேன் தம்பி. அதை மொதல்லயே சொல்லிடறேன். அப்புறம் ஏலக்காய் ரொட்டியைத் தின்னுட்டு, காப்பியையும் குடிச்சிட்டு, இந்த அம்மா நம்மளை ஏமாத்திட்டான்னு நீங்க சொல்லக் கூடாது பாருங்க. பூட்ஸைக் கழட்டுங்க, அந்த ஓரத்து மிஷின் பக்கத்துல வைங்க, சூடா இருக்கும். பலகையை மட்டும் கழட்ட மாட்டேன்.

இருக்கட்டும், எடுத்து நீட்டாதீங்க. அந்தக் காகிதத்துல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும். போன வாரம் ஒண்ணு வந்துச்சு, அதுக்கு முந்தியும் ஒண்ணு வந்துச்சு. கடைக்கு வெளிய வைக்கிற பலகையில அந்தக் கடை யாவாரத்தைப் பத்தி மட்டும்தான் போடணும், ரோட்டுல போறவங்க கவனத்தைத் திருப்பக் கூடாது. அதானே? ம்.

திருப்பினா என்ன தம்பி? நீங்க டவுன் ஆபீஸ்லேர்ந்து வர்ற வழியில பாத்தீங்கல்ல. இந்தப் பக்கம் பூரா பைன் மரம், அந்தப் பக்கம் பூரா பைன் மரம், நடுவுல வெள்ளை. டிசம்பர்ல சூரியன் சாயங்காலக் காப்பிக்கே நிக்க மாட்டேங்குது. மரம் ஏத்திக்கிட்டு வர்ற லாரிக்காரன் பாதித் தூக்கத்துல வர்றான். அவன் கவனம் கொஞ்சம் திரும்பினா, அது அவன் பொண்டாட்டி புள்ளைங்களுக்கு நல்லது. அதுக்கு எனக்கு ஒரு மாலை போட்டிருக்கணும் உங்க கவுன்சில்.

நீங்க தெக்க ஓஷாவாப் பக்கமா? அதானே பாத்தேன், அந்தக் கோட்டு இங்க ஆகாது. அது மழைக்குப் போடுற கோட்டு.

பலகை நான் வச்சதில்ல. கடையை எடுத்தப்பவே இருந்துச்சு, லேசா ஒரு பக்கம் சாஞ்சுக்கிட்டு. நாலு வரி, கறுப்பு பிளாஸ்டிக் எழுத்து. நீளக் கம்பு நுனியில ரப்பர் கிண்ணம் இருக்கும், அதுல எழுத்தை ஒட்டி மேல தூக்கிச் செருகணும். மைனஸ் முப்பதுல அந்த ரப்பர் கல்லு மாதிரி ஆயிடும். கக்கத்துல கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டுதான் வெளிய போவேன். E எழுத்து எப்பவும் பத்தாது. மூணாம் நம்பரைத் தலைகீழாத் திருப்பிப் போட்டுக்குவேன். அதுக்கும் சட்டம் இருக்கா? இல்லைல்ல. நல்லது.

மொதல்ல நானும் ஒழுங்காத்தான் போட்டுக்கிட்டிருந்தேன். துவைக்க இவ்வளவு, காய வைக்க இவ்வளவு, கம்பளிக்குத் தனி. யாரு படிச்சா? ஒருத்தரும் படிக்கல. ஒரு டிசம்பர்ல, எனக்கே என்ன தோணுச்சோ, பனிமனுஷன் கேரட் கடையில என்ன பண்ணிட்டிருந்தான், மூக்கு பாத்துட்டிருந்தான், அப்படின்னு போட்டேன்.

பனிமனுஷனுக்குக் கேரட்தானே மூக்கு. சிரிப்பு வரலையா? பரவாயில்ல, வீட்டுக்குப் போனப்புறம் வரும். இங்க அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள நாலஞ்சு பேரு கதவைத் திறந்து, தலையை மட்டும் உள்ள நீட்டி, இவ்வளவு மோசமான ஜோக்கை நாங்க கேட்டதே இல்லன்னு சொல்லிட்டுப் போனாங்க. அதுல ரெண்டு பேரு மறுநாள் அழுக்கு மூட்டையோட வந்தாங்க. இது யாவாரம் இல்லாம என்னங்க?

அப்புறம்தான் கேள்வி. தினம் ஒரு கேள்வி, மறுநாள் அடி வரியில விடை. சாண்டா வண்டியை இழுக்கிற கலைமானெல்லாம் ஆணா பொண்ணான்னு கேட்டேன். ஊரே ஆணுன்னுச்சு. மறுநாள் விடை போட்டேன். வளந்த ஆண் மானுக்கு அநேகமா கிறிஸ்துமஸ் வர்றதுக்குள்ள கொம்பு விழுந்துடும். பொட்டைக்குத்தான் வசந்த காலம் வரைக்கும் நிக்கும். வாழ்த்து அட்டையில பாருங்க, எல்லா மானுக்கும் கொம்பு இருக்கும். அப்ப வண்டியை இழுக்கிறது பூரா பொம்பளைங்க, பேரு வாங்குறது மட்டும் அந்தத் தாடிக்காரன். அதையும் கீழ போட்டேன். எடம் பத்தல, தாடியை எடுத்துட்டேன்.

அன்னிக்கு, ஐஸ்ல கல்லு தள்ளி விளையாடுற அந்தக் கர்லிங் கிளப்புல பெரிய தகராறாம். ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். ஒருத்தர் வேட்டைக்காரன் நான், எனக்குத் தெரியாதான்னு கத்தினாராம். அவர் சம்சாரம், நீங்க இதுவரைக்கும் எதைச் சுட்டிருக்கீங்க, அதைச் சொல்லுங்க மொதல்லன்னாங்களாம். அவ்வளவுதான், மனுஷன் பீரை வச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டார்.

சாண்டாவுக்குப் பின்கோடு உண்டா இல்லையா? சொல்லுங்க பாப்போம். உண்டு தம்பி. H0H 0H0, ஹோ ஹோ ஹோன்னு. நம்ம கனடா தபால்காரங்க குடுத்தது. புள்ளைங்க எழுதிப் போட்டா பதிலும் வரும். உங்களுக்குத் தெரியும்னா ஏன் வாயைத் திறக்கல? சட்டம் பேச மட்டும் திறக்குறீங்க.

சிரிக்க மட்டும்னு நெனைக்காதீங்க. பாஸ்டன்காரங்களுக்கு வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் மரம் அனுப்புறது நோவா ஸ்கோஷியாவா, நியூ பிரன்ஸ்விக்கான்னு ஒரு நாள் போட்டேன். ஒரு லாரிக்காரர் வண்டியை ஓரம் கட்டிட்டு உள்ள வந்தார். ஹாலிஃபாக்ஸ்காரர். நோவா ஸ்கோஷியான்னார், எங்க ஊரு அங்கதான்னார். அந்தக் காலத்துல ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துல கப்பல் வெடிச்சு ஊரே போச்சுல்ல, அப்ப பாஸ்டன்லேர்ந்து ரயில் ரயிலா டாக்டருங்களும் நர்ஸுங்களும் வந்தாங்க. அந்த நன்றிக்குத்தான் மரம். அவரோட கொள்ளுப்பாட்டி அன்னிக்கு ஜன்னல் ஓரமா நின்னு புகையை வேடிக்கை பாத்திருக்காங்க. கண்ணாடி உடைஞ்சு ஒரு கண்ணு போயிடுச்சு. இன்னொரு கண்ணைக் காப்பாத்தினது பாஸ்டன் டாக்டராம். அதைச் சொல்லிட்டு, சுத்தமா இருந்த சட்டையெல்லாம் பையிலேர்ந்து எடுத்து மிஷின்ல போட்டார். நான் ஏன்னு கேக்கல. ஒரு மனுஷனுக்கு உக்காந்திருக்க ஒரு சாக்கு வேணும். குடுத்தேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். உங்களுக்குப் புகார் குடுத்தது கவுன்சிலர் ஃபிட்ச். பேரைச் சொல்லக் கூடாதா? நீங்க சொல்ல வேண்டாம், நான்தான் சொல்றேன். வருஷத்துல ஒரு நாள் வேலை, மத்த நாள் பூரா ஆளையே காணோம், யாரு இது, சாண்டாவா கவுன்சிலரான்னு போட்டேன். பேரு போட்டேனா? போடல. ஊர்ல அஞ்சு கவுன்சிலர் இருக்காங்க. மத்த நாலு பேரும் சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. இவருக்கு மட்டும் குத்துச்சுன்னா நான் என்ன பண்ண முடியும்?

மொத நோட்டீஸ் வந்தப்ப நான் மரியாதையாத்தான் நடந்துக்கிட்டேன். கடை யாவாரத்தைப் பத்திதானே போடணும்? சாண்டா சிவப்புச் சட்டை சாயம் போகாம இருக்க எதுல துவைக்கிறார், வெந்நீரா, பச்சைத் தண்ணியா, உள்ள வந்து கேளுங்கன்னு போட்டேன். இதுல என்ன குத்தம்? முழுக்க முழுக்கத் துணி துவைக்கிற விஷயம். அதுக்கும் ரெண்டாவது நோட்டீஸ். கிண்டல் பண்றேனாம். கிண்டலுக்கு எத்தனாம் பிரிவுன்னு கேட்டு எழுதினேன், பதிலே இல்ல. இப்ப உங்களை அனுப்பியிருக்காங்க, பாவம், மழைக்கோட்டோட.

இன்னொரு துண்டு எடுத்துக்குங்க. வெண்ணெய் தடவித் தரவா?

பின் தெருவுக்கா? ஓ, அதுதான் சமாதானமா. பலகையைப் பின் தெரு வாசல்ல வச்சுக்கிட்டா கவுன்சில் கண்டுக்காது. நல்ல யோசனைதான், நீங்களா யோசிச்சதா? நல்ல மனசு உங்களுக்கு. ஆனா மாட்டேன்.

ஜன்னலுக்கு உள்ள வைக்கச் சொன்னாலும் மாட்டேன்.

பிடிவாதம்தான். இல்லைன்னு யாரு சொன்னா? அறுபது வயசு வரைக்கும் யாரு எதைச் சொன்னாலும் சரி சரின்னு கேட்டுக்கிட்டிருந்தவ நான். அந்தக் கோட்டா தீந்து போச்சு. இனிமே இருப்புல இருக்குறது பிடிவாதம் மட்டும்தான்.

பின் தெருவுல பனி வாருறது டவுன் டிராக்டர் தம்பி. இந்தப் பெரிய ரோட்டுலதான் பனி வாருற பெரிய வண்டி வரும். அதை ஓட்டுறது ஆர்வோ. அதனாலதான்.

ஆர்வோ என் மகன்.

ஆமா, ஒரே மகன். இதே ஊர்தான், பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு. பேச்சு வார்த்தை இல்ல. இது மூணாவது கிறிஸ்துமஸ்.

சண்டைன்னு பெருசா ஒண்ணுமில்ல. அவங்கப்பா வெய்க்கோவும் நானும் ஏரிக்கரையில, மீன் பிடிக்க வர்றவங்களுக்கு விடுதி நடத்திக்கிட்டிருந்தோம். கட்டிக்கிட்டு வந்த மறுவாரமே கரண்டியைப் பிடிச்சவ நான். சமையல், துணி, மீன் கழுவறது, ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊத்தறது, எல்லாம் நானும்தான். ஒரு நாள் காலையில விருந்தாளிங்களுக்கு அப்பம் சுட்டுக்கிட்டிருக்கேன். முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் வந்து, அம்மா, படகுக் கொட்டகைச் சாவி எங்க தொங்கும்னு கேட்டார். எதுக்குங்கன்னேன். நான்தாம்மா இதை வாங்கியிருக்கேன்னார். அப்பதான் எனக்குத் தெரியும், நான் குடியிருக்குற இடத்தை வித்தாச்சுன்னு.

வெய்க்கோகிட்டப் போயி கேட்டேன். கத்தல, அழல. ஏங்க எங்கிட்டச் சொல்லலன்னேன். மனுஷன் தூண்டில் முள்ளு கோத்துக்கிட்டே, உங்கிட்டச் சொன்னா நீ பேசிக்கிட்டே இருப்பேன்னார்.

அவ்வளவுதான். அப்பம் கல்லுல கருகட்டும்னு விட்டுட்டுக் கிளம்பி வந்து இந்தக் கடையை எடுத்தேன். குடிகாரர் இல்ல, கை நீட்டினவர் இல்ல. அதனாலதான் ஊருக்குப் புரியல. ஒருத்தர் அடிச்சாத்தான் விட்டுட்டு வரலாம்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க.

ஆர்வோ வந்தான். இதோ, நீங்க உக்காந்திருக்குற பெஞ்சுக்கு முன்னாலதான் நின்னான். உக்காருன்னேன், உக்காரல. வயசான மனுஷனைத் தனியா விட்டுட்டு வந்திருக்கே, போயி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு அவரோட இரும்மான்னான். எதுக்குடா மன்னிப்புன்னேன். அதுகூடத் தெரியலையான்னான். தெரியலடா, நீ சொல்லுன்னேன். அவனுக்கும் சொல்லத் தெரியல. கோவம் வந்துடுச்சு. நீ கேக்குற வரைக்கும் இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்னுட்டுப் போனான். அப்பனைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். மிதிக்கல. சொன்ன சொல்லைக் காப்பாத்துறதுல அவன் என்னைத்தான் கொண்டிருக்கான்.

நானும் மன்னிப்புக் கேக்கல. கேக்கவும் மாட்டேன். உங்க காகிதத்துல எதையாவது எழுதணும்னா இதைப் பெரிய எழுத்துல எழுதிக்குங்க.

தினம் காலையில, வெளிச்சம் வந்தும் வராமலும் இருக்கும்போது, இந்த வாசலைத் தாண்டிப் போவான். பனி பறக்கும், கண்ணாடி அதிரும். மூஞ்சியைத் திருப்பாம நேரா ரோட்டைப் பாத்துக்கிட்டே போவான். நான் ஜன்னல்ல நிப்பேன். நிக்கிறது தெரியாம இருக்க, கையில துணி எதையாவது வச்சு மடிச்சுக்கிட்டு நிப்பேன்.

அந்த மான் கேள்வி போட்டேன்ல, ஆணா பொண்ணான்னு? அன்னிக்குத் தாண்டிப் போனவன் ஹாரனை ஒரு தரம் அடிச்சான். நான் பதறிப் போயிட்டேன். நடு ரோட்டுல மான் கீன் குறுக்க வந்துருச்சோன்னு செருப்போட வெளிய ஓடினேன். ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. வண்டி அது பாட்டுக்குப் போயிக்கிட்டிருக்கு. உள்ள வந்து உக்காந்தேன். ஒரு மிஷின் ஓடி முடிஞ்சு நின்னுடுச்சு, நான் எந்திரிக்கல. ஒண்ணு. ஒண்ணுன்னா மொத விடை. ஆணுன்னு சொல்றான்.

தப்பு. அவங்கப்பா மாதிரி.

மறுநாள் விடையைப் போட்டுட்டு, அடுத்த கேள்விக்கு நம்பர் போட்டேன். ஒண்ணு இது, ரெண்டு அது. ஜன்னல்ல நின்னேன். துணியை மறந்துட்டேன். ரெண்டு தரம் அடிச்சுட்டுப் போனான்.

அன்னிலேர்ந்து என் கேள்விக்கெல்லாம் ரெண்டே விடைதான் தம்பி. ஊர்ல எல்லாரும் எனக்கு வேற மாதிரி கேக்கத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. நெனச்சுக்கட்டும். பாதிக்கு மேல தப்பாத்தான் அடிப்பான். பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான். தப்பா அடிச்ச மறுநாள், பரவாயில்ல, நாளைக்கு நல்லா வரும்னு அடி வரியில பொதுவாப் போட்டு வைப்பேன். ஊரே தனக்குத்தான்னு நெனச்சுக்கும்.

இல்ல, சமாதானம் எல்லாம் இல்ல. நல்லாப் புரிஞ்சுக்குங்க. நான் எறங்கிப் போகல, அவனும் எறங்கி வரல. நான் கேக்குறேன், அவன் சொல்றான். வெறும் கிறிஸ்துமஸ் கேள்வி. இதுல மன்னிப்பு எங்க வந்துச்சு? போன வருஷம் ஜனவரியில ஆசைப்பட்டு ஒண்ணு போட்டுப் பாத்தேன், ஹாக்கியைப் பத்தி. ஹாரன் வரல. மறுநாளும் வரல. சரிதான்னு எடுத்துட்டேன். பண்டிகைக்கு மட்டும்தான் பதில் சொல்லுவான் போல. அதுவும் ஒரு பிடிவாதம். வருஷத்துல இந்த ஒரு மாசம்தான் அவன் என்கிட்டப் பேசுறது. அதையும் பின் தெருவுக்குக் கொண்டு போகச் சொல்றீங்க நீங்க.

அவன் ஹாரன் அடிக்கிறதை எங்கயும் எழுதாதீங்க. ஊருக்குள்ள சும்மா ஹாரன் அடிக்கிறது குத்தம்னு எனக்கும் தெரியும். எழுதறதுன்னா என்னைப் பத்தி எழுதுங்க, எத்தனை பக்கம் வேணாலும்.

ஏன் இதெல்லாம் உங்ககிட்டச் சொல்றேன்னு பாக்குறீங்களா? இன்னிக்குக் காலையில நான் சரியா இல்ல தம்பி. அதான் பேசிக்கிட்டே இருக்கேன்.

இன்னிக்குப் போட்டிருக்குற கேள்வியைப் படிச்சீங்களா? கனடாவுல மொத மொதல்ல கிறிஸ்துமஸ் மரத்துக்கு மெழுகுவத்தி ஏத்தினது எங்க? ஒண்ணு, கியூபெக். ரெண்டு, ஒண்டாரியோ. கியூபெக்தான், சோரெல்னு ஒரு ஊரு, ஜெர்மன்காரத் தளபதி குடும்பம் ஒண்ணு ஏத்துச்சு. லேசான கேள்வி. பண்டிகை நெருங்கிடுச்சு, அவன் சரியா அடிச்சுட்டுப் போகட்டுமேன்னு லேசாப் போட்டேன்.

மூணு தரம் அடிச்சான்.

நிறுத்தி நிறுத்தி, மூணு. நல்லா எண்ணினேன். ஜன்னல் பக்கம் திரும்பினான்னுகூடத் தோணுச்சு, பனியில சரியாத் தெரியல. மூணுன்னு ஒரு விடையே நான் போடலையே.

அவன் பொண்டாட்டி கெண்ட்ராவுக்கு இப்பவோ அப்பவோன்னு இருக்கு, பிரசவ நாள் நெருங்கிடுச்சுன்னு ரொட்டிக் கடையில பேசிக்கிட்டாங்க. வெய்க்கோவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா இருக்கார்னு அதே ரொட்டிக் கடையிலதான் பேசிக்கிட்டாங்க. எதுக்கு மூணு அடிச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?

போன் இருக்கு. நம்பரும் இருக்கு. ரொட்டிக் கடைக்குப் போனா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும். மாட்டேன் தம்பி. அவன் எனக்குத்தான் சொல்லியிருக்கான், ரொட்டிக் கடைக்குச் சொல்லல. அவன் வாயாலதான் கேப்பேன். ஹாரனாலன்னு வச்சுக்குங்களேன்.

நாளைக்குப் போட வேண்டியதை அந்தத் துணி மடிக்கிற மேசையில அடுக்கி வச்சிருக்கேன், பாருங்க. ஒண்ணு, நல்ல சேதி. ரெண்டு, கெட்ட சேதி. அவ்வளவுதான். ஜோக் இல்ல, கிறிஸ்துமஸ் இல்ல, துணி துவைக்கிறதும் இல்ல. உங்க சட்டப்படி பாத்தா தலையிலேர்ந்து கால் வரைக்கும் குத்தம்.

காலையில அவன் வர்றதுக்கு முந்தி ஏத்திடுவேன். அபராதச் சீட்டை இப்பவே எழுதி, அந்த சோப்பு டப்பா மேல வச்சுட்டுப் போங்க.